மறுமொழி பெறாத ஓலை

மேற்கு மலைச்சாரலில் ஏழு நாட்களாக விடாது பெய்த மழையையெல்லாம் தன் மடியில் வாரிக் கட்டிக்கொண்டு, கரையோர மருத மரங்களை வேரோடு பறித்து, மூங்கிற்புதர்களை முறித்து, செம்மண் கலந்த நீரும் நுரையுமாக முத்தாறு கடலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த ஐப்பசி மாதத்து அந்திவேளை. மேற்கே கதிரவனின் கடைசிச் செம்மை கரையுமுன்பே கீழ்த்திசையில் முழுமதி எழுந்துவிட்டது. அவ்விரண்டு ஒளியும் கலந்து விழுந்த நீர்ப்பரப்பின் பேரழகை நாலு பக்கம் வர்ணிக்க எனக்கும் ஆசைதான். ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, அதே ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டில் இரண்டாயிரம் மனிதர்கள் சாவை எதிர்நோக்கி நிற்கும்போது நான் நிலவைப் பாடிக்கொண்டிருந்தால் நீங்களே என்னை ஏசுவீர்கள்.

அந்த இரண்டாயிரம் பேரும் குன்றூர் நாட்டுப் படைவீரர்கள். வடகரையில் அவர்களைத் துரத்தி வந்த பகைவனின் பாசறை. தென்கரையில் முத்தாற்றுத்துறை என்னும் படகோட்டிகளின் ஊர். ஆறு வடிந்திருந்த வேளையில் இறங்கி நடுத்திட்டை எட்டிய படை, மறுபாதியைக் கடக்குமுன் வெள்ளம் வந்து இருபுறமும் வழியை அடைத்துவிட்டது. காலையில் சேனாபதி நீரோரத்தில் நட்டு வைத்த அளவுகோல் மாலைக்குள் மூழ்கிப்போயிற்று. நாளை உச்சிவேளைக்குள் படகுகள் வராவிட்டால் அந்தத் திட்டு இருந்த இடமே தெரியாது.

தென்கரைத் துறையிலோ பெரும் படகுகள் அறுபது கட்டிக் கிடந்தன. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. படையிடம் இருந்த ஒற்றைப் பரிசலில் இரண்டு நாளில் மூன்று தூதர்கள் போய்க் கெஞ்சிப் பார்த்தார்கள். மூவரும் தொங்கிய முகத்தோடு திரும்பினார்கள்.

"கேட்டீர்களா இந்த அக்கிரமத்தை!" என்று திட்டில் கூடியிருந்த படைத்தலைவர்களிடம் சேனாபதி பொருமினார். "இரண்டு ஆண்டுகளுக்கு முன் குன்றூர்க்காரன் ஒருவன் அவர்களுடைய நாச்சியாரைப் பெண் கேட்டு ஓலை வைத்தானாம். மறுமொழி வாங்காமலே ஓடிவிட்டானாம். அவன் வந்து கைநீட்டி மறுமொழி வாங்குகிறவரையில் குன்றூர்க்காரன் எவனையும் படகில் ஏற்றக்கூடாது என்பது துறையின் வழக்கமாம். ஓலையில் பெயர் கூடக் கிடையாதாம்! படை நடுவே பறையறைந்து கேட்டாயிற்று. ஒருவனும் வாய் திறக்கவில்லை. படகு தர மனமில்லாதவர்கள் கட்டிவிட்ட கதையல்லாமல் வேறென்ன?"

கதையல்ல. வாய் திறந்திருக்க வேண்டியவன் அவருக்கு மூன்று முழத் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். குதிரைப்படைத் தலைவன், மழவன் மகன் ஆதன் என்று பெயர்.

இந்த ஆதனைக் கோழை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவன் மார்பில் அம்புத் தழும்புகள் ஏழு இருந்தன, முதுகில் ஒன்றுகூட இல்லை. போர்க்களத்தில் முதலில் பாய்கிற குதிரை அவனுடையது. ஆனால் குன்றூரில் ஆண்டுதோறும் நடக்கும் குதிரைப் பந்தயத்தில் மூன்று முறை பெயர் கொடுத்துவிட்டு, மூன்று முறையும் குதிரைக்குக் கால் சுளுக்கு என்று பொய் சொல்லி விலகிக்கொண்டவனும் அவன்தான். மந்திராலோசனையில் எல்லோரும் பேசி முடித்த பிறகே பேசுவான். உயிர் போகும் என்றால் அஞ்சமாட்டான். நாலு பேர் முன்னால் தோற்றுப்போவோம் என்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நேற்றுப் பறையறைந்தபோது அந்த நாக்குத்தான் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பின் அவன் ஒரு கவளம் சோறு உண்ணவில்லை, ஓரிடத்தில் உட்காரவில்லை. திட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து மணலில் தடமே விழுந்துவிட்டது.

"சேனாபதி அவர்களே, நான்காம் தூதனாக நான் போகிறேன்" என்றான்.

"நீரா? படைத்தலைவர் தூது போவதா?"

"அந்தத் துறையில் குதிரை இறக்குவதற்காக நாற்பது நாள் தங்கியிருக்கிறேன். அங்குள்ளவர்களை அறிவேன்."

சொன்னதில் பொய்யில்லை. சொல்லாததுதான் மலையளவு இருந்தது. பெயரைச் சொல்லாமலே, நயமாகப் பேசிப் படகுகளைப் பெற்றுவிடலாம் என்று அப்போதும் அவன் மனத்தின் ஒரு மூலையில் நப்பாசை இருந்தது.

பரிசல் தள்ளியவன் பெயர் சாத்தன். அவன் தம்பி தொடையில் ஈட்டிக் காயத்தோடு திட்டில் படுத்திருந்தான். சுழலுக்குச் சுழல் பரிசல் பம்பரமாய்ச் சுற்றியது. ஆனாலும் சாத்தனின் வாய் மட்டும் ஓயவில்லை.

"மூணு தூதருங்க போயி மூணு பேரும் மூக்கறுபட்டு வந்தாங்க தலைவரே. நீங்களாவது நல்லபடியா பேசுங்க. எல்லாம் ஒருத்தனால வந்த வினை! பொண்ணு கேக்கத் துப்பு இருக்கு, பதிலு கேக்கத் துப்பு இல்லையா? அவன் மட்டும் எங் கையில கெடைச்சான்னு வைங்க..."

"கிடைத்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டான் ஆதன். குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது.

"இந்தத் துடுப்பாலயே நாலு சாத்து சாத்துவேன். எந் தம்பி நேத்துலேருந்து தண்ணிய பாத்துப் பாத்து அழுவுறான். ஈட்டி குத்தினப்பக்கூட அழுவாத பய."

ஆதன் பரிசலின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டான். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நாற்பது நாட்கள் நெஞ்சில் கிளர்ந்தெழுந்தன. மரக்கலத்திலிருந்து இறக்கும்போது மிரண்டுபோன ஒரு வெண்குதிரை, கட்டிய கயிற்றை அறுக்கப் பார்த்தது. அதன் கடிவாளத்தின் ஒருபுறம் அவன் தொங்கினான். மறுபுறம் தொங்கியவள், தந்தை மறைந்தபின் துறையை ஆண்டுவந்த தேசடக்கி நாச்சியார். குதிரை அடங்கியதும், "உங்கள் நாட்டில் குதிரைகள்தாம் மிரளுமோ, ஆட்களும் உண்டோ?" என்று கேட்டுக் கலகலவென்று நகைத்தாள். அன்று தொடங்கியது அவனுடைய நோய். முப்பத்தைந்து நாள் அல்லும் பகலும் அல்லாடி, ஒருவழியாக ஓலை எழுதினான். 'பெயரை மூன்றாம் நாள் நேரில் சொல்வேன்' என்று முடித்தான். மறுத்துவிடுவாள் என்று தோன்றினால், பெயரைச் சொல்லாமலே நழுவிவிடலாம் அல்லவா? நம் வீரனின் சாமர்த்தியம் அப்படி!

துறையின் வழக்கம் அவனுக்கு நன்றாகவே தெரியும். ஓலையைத் துறைத்தூணில் கட்டிவிட்டு மூன்று நாள் அந்தப் படிக்கட்டிலேயே காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் பெண் வந்து, ஊர் பார்க்க, 'ஆம்' அல்லது 'மாட்டேன்' என்று சொல்லுவாள். இரண்டில் எதுவானாலும் யாருக்கும் குறைவில்லை. அதற்கு முன் ஓலை வைத்தவன் பெயரை அவள் வாயால் உச்சரிக்கலாகாது. உச்சரித்தால் அதுவே சம்மதமாகிவிடும். இவ்வளவும் தெரிந்தவன்தான் இரண்டாம் நாள் மாலையே குதிரை ஏறிப் பறந்துவிட்டான்.

பரிசல் தென்கரையைத் தொட்டபோது துறை மண்டபத்தில் தீவட்டிகள் ஏற்றப்பட்டிருந்தன. தேசத்தை அடக்குகிறாளோ இல்லையோ, தன் துறையை ஒரு விழி அசைவில் அடக்கக்கூடிய தேசடக்கி நாச்சியார், கருநீலப் பட்டுடுத்து, நெற்றியில் ஒற்றை முத்துச்சுட்டி துலங்க, பலகை ஆசனத்தில் நிமிர்ந்து அமர்ந்திருந்தாள். அவளருகே படகோட்டிகளின் தலைவரான மூப்பர் கலியனார். படிக்கட்டு நெடுகிலும் ஆணும் பெண்ணுமாகத் துறையார் கூடியிருந்தார்கள். தூணில், இரண்டு மழைக்காலம் நனைந்து கறுத்துப்போன ஒரு தோற்பை தொங்கியது. ஆதனின் கண்கள் அதன்மேல் பட்டு, சுட்டது போல் விலகின.

அவளைப் பார்க்காமலே தலைவணங்கினான்.

"குன்றூர்த் தூதருக்கு நல்வரவு. தங்கள் திருப்பெயரை அறியலாமோ?" என்றாள் தேசடக்கி. அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"குன்றூர்ச் சேனாபதியின் தூதன், நாச்சியாரே. அதுவே போதும்."

"உங்கள் நாட்டில் பெயரில்லாமல் பேசுவது வழக்கம் போலும். நல்லது, சொல்ல வந்ததைச் சொல்லலாம்."

அவன் சொன்னான். வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் அத்தனையையும் சொன்னான். கருணையைச் சொன்னான், அடைக்கலம் தந்தோர் புகழைச் சொன்னான், குன்றூர் மன்னரின் நன்றி ஏழு தலைமுறைக்கும் நீளும் என்றான். தன் காதுக்கே அது வெறும் பேச்சாகக் கேட்டது. கலியனார் ஒரு கொட்டாவியை மென்று விழுங்கினார்.

"தூதரே, எங்களுக்கும் நெஞ்சுல ஈரம் இருக்கு" என்றார் அவர். "ரெண்டு நாளா எம் பொண்டாட்டி எனக்குச் சோறு போடல. 'அம்புட்டு உசுரு தவிக்குது, நீ வழக்கம் பேசுறியா'ன்னு கேக்குறா. ஆனா இந்தத் தூணுல சத்தியம் வச்சுத்தான் நாங்க படகு இறக்குறோம். வழக்கத்த மீறி இறக்கினா நடு ஆத்துல எம் புள்ளைங்களுக்குக் கை ஓடாது. நீங்க அந்த ஆள மட்டும் காட்டுங்க. அவன் வந்து பதில வாங்கட்டும். 'மாட்டேன்'னாலும் பதிலு பதிலுதான். அடுத்த நொடி அறுபது படகும் தண்ணியில இருக்கும்."

'மாட்டேன்' என்றாலும்!

ஆதனுக்கு மண்டையில் ஓங்கி அறைந்தாற்போல் இருந்தது. அவர்கள் அவனிடம் வெற்றியைக் கேட்கவில்லை. ஊர் முன்னால் நின்று ஒரு மறுப்பை வாங்கிக்கொண்டால் போதும். இரண்டாயிரம் உயிர் பிழைக்கும். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியல்லவா நேற்று முழுதும் வாயை மூடிக்கொண்டிருந்தான்? வெட்கம் அவன் உச்சி முதல் உள்ளங்கால்வரை எரித்தது. ஆனாலும் நாக்கு அசையவில்லை. எத்தனை கண்கள்! தீவட்டி வெளிச்சத்தில் அத்தனையும் தன்னையே துளைப்பதாகத் தோன்றிற்று. ஓடிவிடு, இப்போதே ஓடிவிடு என்று பழைய நடுக்கம் காதோரம் கிசுகிசுத்தது. பரிசல் பத்தடியில்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தான். பரிசலருகே சாத்தன் இரு கைகளையும் கூப்பி, கண்களை மூடிக்கொண்டு ஏதோ தெய்வத்தை வேண்டிக்கொண்டிருந்தான்.

"நாச்சியாரே!" என்றான் ஆதன். இன்னொரு முறை, உரக்கச் சொன்னான்: "நாச்சியாரே! அந்த ஓலையை வைத்தவன் நான். என் பெயர் ஆதன். குன்றூர்க் குதிரைப்படைத் தலைவன், மழவன் மகன் ஆதன். மறுமொழி வாங்க வந்திருக்கிறேன்."

"அடப்பாவி!" என்று சாத்தனின் குரல் எழுந்தது. உடனே கூட்டம் கொந்தளித்தது. யாரோ ஒருவன் கழியை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தான். ஒரு பெண்பிள்ளை, "இந்த மூஞ்சிக்கா எங்க நாச்சியாரு ரெண்டு வருசம் ஊர்ப்பேச்சு கேட்டாங்க?" என்று கைநெரித்தாள்.

தேசடக்கி கையுயர்த்தினாள். "முதலில் வழக்கம். வசையெல்லாம் பிறகு" என்றாள். பின்பு ஆதனை நோக்கி, "படியேறும்போதே உம்மை அறிந்துகொண்டேன். நானாகப் பெயர் சொல்ல முடியாது என்பதும் உமக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"அப்படியானால் இதையும் ஊர் முன்னிலையில் சொல்லும். ஏன் ஓடினீர்?"

பொய் சொல்ல நூறு வழி இருந்தது. மன்னரின் அவசர ஆணை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தபின் மெய்தான் வந்தது.

"இரண்டாம் நாள் மாலை, யாரும் அறியாதபடி முண்டாசால் முகத்தை மறைத்துக்கொண்டு இந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே படகோட்டிகள் சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், மறுமொழி என்னவென்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சொல்லைத் தங்கள் வாயால் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அதனால் ஓடினேன்."

கலியனார் புருவத்தைச் சுளித்துக்கொண்டு யோசித்தார். "ரெண்டாம் நாளா? அட, அன்னிக்கித்தானே எம் மச்சினன் வலையில ஆமை மாட்டி, அவனையே தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போச்சு! கோவணம் ஒருபக்கம், ஆளு ஒருபக்கமா கெடந்தான். அதுக்குச் சிரிச்சோம் ஐயா! உம்மள யாரு பாத்தா?"

கூட்டத்தில் எங்கோ ஒரு களுக். அது பற்றிக்கொண்டு படிக்கட்டெல்லாம் பரவிற்று. கழியோடு வந்தவனும் சிரித்துவிட்டான். இம்முறை நிச்சயமாக ஆதனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவன் காது மடல்கள் சிவந்தன. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

சிரிக்காதவள் தேசடக்கி ஒருத்தியே. எழுந்து போய்த் தோற்பையை அவிழ்த்து, பூஞ்சணம் பூத்த ஓலையை எடுத்து, தீவட்டி அருகில் பிடித்து, ஊரறியப் படித்தாள். அவன் முப்பத்தைந்து நாள் அல்லாடி எழுதிய ஒவ்வொரு சொல்லும் அந்த மண்டபத்தில் ஒலித்தது. 'வெண்குதிரையை அடக்கிய கை' என்ற இடத்தில் மட்டும் அவள் குரல் இலேசாகத் தடுமாறிற்று. படித்து முடித்து, அவன் எதிரே வந்து நின்றாள்.

"குன்றூர் ஆதரே! உமது ஓலைக்கு என் மறுமொழி. மாட்டேன்."

ஓலை அவன் கைக்கு வந்தது.

இரண்டு ஆண்டுகள் எந்தச் சொல்லுக்கு நடுங்கினானோ அந்தச் சொல் விழுந்துவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். வானம் இடியவில்லை, பூமி பிளக்கவில்லை. வலித்தது, மெய்தான், பொல்லாத வலி. ஆனால் தழும்பேறிய அந்த மார்பு தாங்கக்கூடிய வலிதான். கண்ணைத் திறந்தபோது அவனுக்குப் பின்னால் கலியனார் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"பதிலு வாங்கியாச்சு! எறக்குங்கடா படக! மருதா, பெரிய வடத்த எடு! பொம்பளைங்க எல்லாம் அடுப்ப மூட்டுங்க, ரெண்டாயிரம் பேருக்குக் கஞ்சி காய்ச்சணும்!"

முரசு அதிர்ந்தது. கட்டுகள் அவிழ்ந்தன. இவ்வளவு நேரமும் கைகட்டி நின்ற துறையார், அணை உடைந்தாற்போல் படகுகளை நோக்கி ஓடினார்கள். சாத்தன் கண்ணைத் துடைத்தபடி ஆதனிடம் வந்தான். கையிலிருந்த துடுப்பைப் பார்த்தான், ஆதனைப் பார்த்தான்.

"நாலு சாத்து பாக்கி இருக்கு தலைவரே. தம்பிய கரை சேத்தப்பறம் வச்சிக்கலாம். மொதல்ல ஏறுங்க."

ஆதன் முதற்படகில் ஒரு காலை வைத்தான். வைத்தவன் என்ன நினைத்தானோ, திரும்பினான். தேசடக்கி தூணருகே நின்றுகொண்டிருந்தாள்.

"நாச்சியாரே, ஒன்று கேட்கலாமா? அன்று நான் காத்திருந்தால்... மூன்றாம் நாள் மறுமொழி என்னவாக இருந்திருக்கும்?"

"அன்றைய மறுமொழியை அன்று வந்து கேட்டிருக்க வேண்டும்" என்றாள் அவள் வெடுக்கென்று. அவள் கண்களில் நீர் திரையிட்டதைத் தீவட்டிப் புகையின்மேல் பழிபோட்டுக்கொள்ள முடியாது. புகை எதிர்ப்புறம்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆதன் நிமிர்ந்தான். வாளை உருவி, அதன் தட்டைப் பக்கத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"அப்படியானால் துறையார் எல்லோரும் கேளுங்கள்!" அவன் குரல் முரசையும் மீறி ஒலித்தது. "இந்த அறுபது படகுகளும் பத்திரமாகக் கரை திரும்பிய மறுநாள், இதே தூணில் இன்னோர் ஓலை கட்டுவேன். முதல் வரியில் என் பெயர் இருக்கும். மூன்று நாளும் இந்தப் படியைவிட்டு நகரமாட்டேன். 'மாட்டேன்' என்று வந்தால் வணங்கி வாங்கிக்கொண்டு போவேன். மழை ஓய்ந்ததும் மறுபடி வந்து கேட்பேன். வாழ்நாளெல்லாம் மறுத்தாலும் ஒருமுறைகூட மறுமொழி கேளாமல் போகமாட்டேன். குன்றூர்க் கொற்றவைமேல் ஆணை!"

துறையார் 'ஓ'வென்று கூவினார்கள். அது ஏளனமா, உற்சாகமா என்று ஆதன் ஆராயவில்லை. படகில் தாவி ஏறித் துடுப்பைப் பற்றிக்கொண்டான். படகு கரையைவிட்டு நகரத் தொடங்கியது.

"ஆதரே!"

படிகளில் தடதடவென்று இறங்கி, முழங்கால் நீரில் வந்து நின்றாள் தேசடக்கி. மறுமொழி சொல்லியாகிவிட்டபடியால் இப்போது பெயரைச் சொல்லி அழைப்பதற்கு வழக்கம் தடையில்லை.

"மூன்றாம் நாள் எந்த வேளையில் மறுமொழி வாங்க நிற்பீர்? விடியலிலா, உச்சியிலா?"

"ஏன் கேட்கிறீர்கள், நாச்சியாரே?"

"சென்ற முறை விடியற்காலையில் வந்து பொழுது சாயும்வரை வெயிலில் நின்றேன்" என்றாள் அவள். "இம்முறை குடை கொண்டுவரலாமென்றுதான்."